அட்டவணை எழுதிய கவிஞர்

வட ஆப்பிரிக்கக் கரையில், இன்றைய லிபியாவில், கிரேக்கர் குடியேறி அமைத்த நகரம் சைரீன். கி.மு. 310ஐ ஒட்டி அங்குப் பிறந்தவர் கல்லிமாக்கஸ். அந்நகரை நிறுவிய பாட்டஸ் மன்னனின் வழிவந்தவராகத் தம்மைக் கூறிக்கொண்டவர். ஆயினும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், எலூசிஸ் என்னும் புறநகரில் சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்தே முதலில் பிழைத்தார் என்பது பழைய வரலாறு. பின்னரே இரண்டாம் தாலமியின் அவை அவரை ஏற்றது. அரசர் பேணிய பெருநூலகம் அவருக்கு வாழ்விடமாயிற்று.

அங்கிருந்த சுருள்கள் ஏறத்தாழ 5 இலட்சம் என்பர் ஒருசாரார். 7 இலட்சம் என்பர் மற்றொரு சாரார். இவ்வெண்களை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. எண் எதுவாயினும் தேடுவோர்க்கு இடர் ஒன்றே. பாப்பிரசுச் சுருளுக்கு அட்டை இல்லை. நூற்பெயர் பெரும்பாலும் சுருளின் இறுதியில், உள்ளே மறைந்து கிடக்கும். ஒரே தலைப்பில் பல நாடகங்கள் இருந்தன. ஒரே பெயரில் பல ஆசிரியர்கள் இருந்தனர்.

இவ்விடர் தீர்க்கக் கல்லிமாக்கஸ் இயற்றியதே 'பினாக்கெஸ்' என்னும் அட்டவணை. அது மட்டுமே 120 சுருள்களில் அமைந்தது. காவியம், நாடகம், சட்டம், மெய்யியல், வரலாறு, மருத்துவம் என வகை பிரித்தார். ஆசிரியரின் தந்தை பெயர், ஊர், ஆசான், நூலின் தொடக்கச் சொற்கள், மொத்த அடிகள் ஆகியவற்றைக் குறித்தார். செய்யுள் முதற்குறிப்பு அகராதியில் பழகிய கண்களுக்குத் தொடக்கச் சொற்களின் பயன் சொல்லாமலே விளங்கும். அடித்தொகையோ, சுருள் குறைவின்றி உள்ளதா என்று காட்டும். எவ்வகையிலும் அடங்காத நூல்களுக்கும் ஒரு பிரிவு வைத்தார். பணியாரம் செய்முறை எழுதிய நால்வர் அதில் இடம்பெற்றனர். இழிந்த நூலென்று எதனையும் தள்ளாத அந்நேர்மை போற்றத்தக்கது.

இத்தனை உழைத்தவர் அந்நூலகத்தின் தலைமைப் பதவியை வகித்ததாகச் சான்றில்லை. 1914இல் வெளியான ஒரு பாப்பிரசில் தலைவர்களின் வரிசை உள்ளது. அவருடைய மாணவர்கள் எனப்படும் அப்பொல்லோனியஸும் எரதொஸ்தெனீசும் அதில் உளர்; அவர் இல்லை. இதனால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரும்பகை மூண்டதென்னும் கதையை இன்றைய அறிஞர் பலர் ஏற்பதில்லை.

கவிதையில் அவர் நெடுங்காவியத்தை விரும்பாதவர். குறுகியதும் செதுக்கியதுமே அவர் நாடியவை. பிறர் அடிகளை நாள்தோறும் எண்ணியவருக்கு நீளத்தின்மீது மயக்கம் எஞ்சாதது வியப்பன்று. கணவன் போரினின்று மீள வேண்டி அரசி பெரெனிகே காணிக்கையிட்ட கூந்தல் விண்மீன் கூட்டமானதையும் பாடினார். அரசியும் சைரீன் நகரத்தவளே. 'ஹெக்காலே' என்னும் சிறுகாவியத்தில், மழையில் வந்த வீரன் தீசியஸுக்கு விருந்தளித்த ஏழை மூதாட்டியே தலைவி.

ஹாலிகார்னாசஸ் ஊர்க் கவிஞர் ஹெராக்லீட்டஸ் இறந்தபோது, நண்பரின் பாடல்களைச் சாவு தீண்டாது என்று நம்பி ஓர் இரங்கற்பா எழுதினார். இன்று அந்நண்பரின் பாடலாக எஞ்சியிருப்பது ஒன்றே.

அவர் எழுதியவை 800 சுருள்களுக்கு மேற்பட்டவை என்பர். முழுமையாகக் கைவந்தவை தெய்வங்களைப் பாடிய ஆறு துதிப்பாக்களும் அறுபதைச் சற்றே கடந்த குறும்பாக்களுமே. அட்டவணை, பிறர் எடுத்தாண்ட சில துணுக்குகளாகவே நிற்கிறது. அவருடைய தலையாய படைப்பான 'ஐத்தியா'வின் பல பகுதிகள், எகிப்தியப் பாழூர்களின் குப்பைமேடுகளில் கிடைத்த கிழிசல்களிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் மீண்டன. 1970களில், பிரான்சின் லீல் நகரில் காக்கப்பட்ட எகிப்தியச் சவப்பேழை உறையின் ஒட்டுத்தாள்களைப் பிரித்தபோது, அதன் மூன்றாம் பகுதியின் தொடக்க அடிகள் சில வெளிப்பட்டன.