பல்லுப் பூச்சியைத் தேடிப் போன கணக்கு மாணவர்

சின்ன வயசுல மிட்டாய் தின்னா பல்லுல பூச்சி விழும்னு உங்க வீட்லயும் மிரட்டியிருப்பாங்க. அந்தப் பூச்சி உண்மையில எதுன்னு தேடிப் போன ஒருத்தரோட கதைதான் இது.

வில்லோபி டேட்டன் மில்லர் 1853-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். 1875-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். படித்தது பல் மருத்துவம் இல்லீங்க, கணிதமும் இயற்பியலும்! மேற்படிப்புக்காக ஐரோப்பா போனவர், பெர்லினில் ஃபிராங்க் அபாட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரைச் சந்தித்தார். அங்கேதான் ரூட்டே மாறியது. ஊர் திரும்பி, 1879-ல் பென்சில்வேனியாவில் பல் மருத்துவம் முடித்துவிட்டு மறுபடியும் பெர்லின் போனார். அபாட்டின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டார்.

அப்போது பெர்லினில் ராபர்ட் காக் கிருமிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த காலம். மில்லரும் அந்த முறைகளைக் கற்றுக்கொண்டு பல் பக்கம் திருப்பினார். அவர் செய்த சோதனை ரொம்ப சிம்பிள். ரொட்டியை எச்சிலில் கலந்து, பிடுங்கிய பல்லை அதில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்தார். பல் கரைந்து மெத்தென்று ஆனது. எச்சிலைக் கொதிக்க வைத்துச் செய்தபோது பல்லுக்கு ஒண்ணும் ஆகலை. ரொட்டிக்குப் பதில் இறைச்சிக் கொழுப்பு வைத்தாலும் ஒண்ணும் ஆகலை. விஷயம் புரியுதா? கிருமி மாவுச்சத்தைத் தின்று அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. இதையெல்லாம் தொகுத்து 1890-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் போட்டார்.

அதோடு விடவில்லை. சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் கிருமியை என்ன செய்வது? எந்த மருந்து எவ்வளவு வேகமாகப் பல்லுக்குள் இறங்குகிறது என்று ஒப்பிட்டு 1891-ல் எழுதினார்.

அவருக்குக் கிடைக்காத ஒன்றும் உண்டு. சொத்தைக்கு முக்கியக் குற்றவாளியான கிருமியை அவர் தனியாக அடையாளம் காட்டவில்லை. 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர்தான் அதைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பேர் வைத்தார். அதைப் பார்க்க மில்லர் இல்லை. மிச்சிகன் பல் மருத்துவக் கல்லூரிக்கு டீனாகப் பொறுப்பேற்கும் முன்பே, 1907-ல் குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வயது 53.

ஆனா அவர் கேட்ட கேள்வி இன்னும் லேபில் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அகார் தட்டில் மியூட்டன்ஸை வளர்த்து, நடுவில் பல் சிமெண்டை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். கிராம்பு எண்ணெயின் யூஜெனால் கலந்த துத்தநாக ஆக்சைடு சிமெண்டும், ஃப்ளூரைடு கசியும் கிளாஸ் அயனோமரும் இப்படிச் சோதிக்கப்பட்டவைதான். இறுகிய பிறகு எத்தனை நாள் கிருமியைத் தடுக்கும், பலமும் குறையக் கூடாதே என்பதுதான் சிக்கல். இது மெட்டீரியல்ஸ் பிரச்சினை. அதாவது, நம்ம ஏரியாவும்தான்!