எல்ஃப் ஊரைக் கட்டிய பேராசிரியர்

மலைகள் கோட்டைச் சுவர் போல் சுற்றி நிற்கின்றன. நடுவே பசும்புல் வெளி. வெளியில் ஒரு குன்று. குன்றின் மேல் வெள்ளை வெளேர் என்று ஓர் ஊர்.

ஊருக்குள் கல் பாவிய தெருக்கள். தெரு ஓரங்களில் பளிங்கு. வீட்டுக்கு வீடு பூந்தோட்டம். அரண்மனை முற்றத்தில் ஒரு நீரூற்று. அதன் தண்ணீர் 27 பாகம், அதாவது சுமார் 160 அடி உயரம் எழும்பி, மழை போலக் கொட்டும்.

அந்த ஊரின் பெயர் காண்டோலின். அங்கே வாழ்பவர்கள் மனிதர்கள் அல்லர், எல்ஃப் மக்கள். பார்ப்பதற்கு மனிதரைப் போலத்தான் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு மூப்பு இல்லை, நோய் இல்லை. வெட்டினால் சாவார்கள், துக்கத்தாலும் சாவார்கள். மற்றபடி உலகம் உள்ள வரை வாழ்வார்கள்.

உலகப் படத்தில் அந்த ஊரைத் தேடினால் கிடைக்காது. அது ஒரு மனிதரின் மனத்தில் இருந்த ஊர். ஆஸ்பத்திரியிலே, ஒரு வாலிப ராணுவ அதிகாரி அதைக் கட்டினார். சுற்றிலும் காயம்பட்ட சிப்பாய்கள். அவருடைய நண்பர்களில் ஒருவர் ஏற்கெனவே போர்க்களத்தில் மாண்டுவிட்டார்.

அந்த வாலிபர் பெயர் டோல்கீன். "ஹாபிட்", "லார்ட் ஆப் தி ரிங்ஸ்" என்ற கதைகளை எழுதி, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

சிலந்தி கடித்தது

டோல்கீன் ஆங்கிலேயர். ஆனால் பிறந்தது தென்னாப்பிரிக்காவில். 1892-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி, புளும்பான்டைன் நகரில் பிறந்தார். தகப்பனார் அங்கே பாங்கி மானேஜர்.

நடை பழகும் வயதில், தோட்டத்தில் ஒரு பெரிய சிலந்தி அவரைக் கடித்து விட்டது. அலறிக்கொண்டு ஓடிய குழந்தையைத் தாதி பிடித்து, கடிவாயில் விஷத்தை உறிஞ்சித் துப்பினாள். குழந்தை பிழைத்தது.

அந்த ஊர் வெயில் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-ல் தாயார் மேபல், இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். தகப்பனார் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவர் வரவே இல்லை. காய்ச்சலில் படுத்து, 1896 பிப்ரவரியில் இறந்து போனார். அப்போது டோல்கீனுக்கு வயது 4.

விதவைத் தாய், பர்மிங்காம் நகருக்கு அருகே சேர்ஹோல் என்ற கிராமத்தில் சிறு வீடு பிடித்தார். அங்கே ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு மாவு ஆலை, சுற்றிலும் மரங்கள். அண்ணனும் தம்பியும் நாள் முழுவதும் அங்கேதான் திரிவார்கள். மாவு ஆலைக்காரரின் மகன், உடம்பெல்லாம் மாவு படிந்து நின்று இவர்களை விரட்டுவான். அவனுக்கு இவர்கள் வெள்ளை அரக்கன் என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளைகளுக்குத் தாயே ஆசிரியை. எழுத்து, லத்தீன் மொழி, செடி கொடிகளின் பெயர், படம் வரைதல் எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை. 4 வயதிலேயே டோல்கீன் வாசிக்கத் தொடங்கி விட்டார்.

பிறகு நகரத்துக்குக் குடி பெயர்ந்தார்கள். வீட்டின் பின்புறம் ரெயில் பாதை. நிலக்கரி வண்டிகள் போகும். அவற்றின் மேல் வேல்ஸ் நாட்டு ஊர்ப் பெயர்கள் எழுதியிருக்கும். சிறுவனுக்கு அவற்றின் பொருள் தெரியாது. வாசிக்கவும் நாக்கு புரளாது. ஆனாலும் அந்த எழுத்துக்களில் ஏதோ ஒரு மயக்கம். பிற்காலத்தில் எல்ஃப் மக்களுக்கு என்று அவர் ஒரு மொழியையே உண்டாக்கினார். அதன் ஓசை வேல்ஸ் மொழி ஓசை. கரி வண்டியில் வந்த மொழி என்றே சொல்லலாம்!

தாயை இழந்தார்

மேபல் 1900-ல் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். உறவினர்களுக்குக் கோபம். கொடுத்து வந்த பண உதவியை நிறுத்தி விட்டார்கள். வறுமை வந்தது. அதனுடன் நீரிழிவு நோயும் வந்தது. இன்சுலின் மருந்தை மனிதருக்கு முதன் முதலாகக் கொடுத்தது 1922-ல்தான். மேபல் இறந்தது 1904 நவம்பரில். அப்போது அவருக்கு 34 வயது. மூத்த மகனுக்கு 12.

பிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார் பிள்ளைகளுக்குக் காப்பாளர் ஆனார். தம் கைப்பணத்தையும் போட்டு அவர்களைப் படிக்க வைத்தார்.

காதல்

டோல்கீனுக்கு 16 வயது. அண்ணனும் தம்பியும் குடியிருந்த விடுதியில், கீழ் அறையில் எடித் என்ற பெண் இருந்தாள். அவளுக்கு வயது 19. அவளும் அனாதை. பியானோ நன்றாக வாசிப்பாள்.

இருவரும் சேர்ந்து, ஒரு தேநீர்க் கடையின் மாடியில் போய் உட்காருவார்கள். கீழே தெருவில் போகிறவர்களின் தொப்பிக்குள் சர்க்கரைக் கட்டிகளைக் குறி பார்த்து எறிவார்கள். ஒரு கிண்ணம் தீர்ந்தால் அடுத்த மேஜைக்கு மாறுவார்கள்!

செய்தி பாதிரியாருக்கு எட்டியது. படிக்க வேண்டிய பையன் இப்படிக் கெடுகிறானே என்று அவர் கவலைப்பட்டார். 21 வயது ஆகும் வரை எடித்தைப் பார்க்கவும் கூடாது, கடிதம் எழுதவும் கூடாது என்று தடை போட்டார். வளர்த்தவர் சொல்லை டோல்கீன் மீறவில்லை. மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1913-ல் 21-வது பிறந்த நாள் பிறந்தது. அந்த நள்ளிரவே படுக்கையில் எழுந்து உட்கார்ந்து எடித்துக்குக் கடிதம் எழுதினார்.

பதில் வந்தது. எடித்துக்கு வேறு ஒருவருடன் நிச்சயம் ஆகி இருந்தது!

டோல்கீன் சோர்ந்து விடவில்லை. ரெயில் ஏறினார். எடித்தை நேரில் கண்டு பேசினார். அன்றைய பொழுது சாய்வதற்குள் எடித் மனம் மாறினாள். பழைய மோதிரத்தைத் திருப்பி அனுப்பினாள். 1916 மார்ச்சு 22-ந்தேதி இவர்கள் கல்யாணம் நடந்தது. அப்போது முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. ஜூன் மாதம் டோல்கீன் பிரான்சுக்குப் போர்க்களம் போனார்.

நான்கு நண்பர்கள்

பள்ளிக்கூடத்தில் டோல்கீனுக்கு உயிர் நண்பர்கள் மூவர்: கில்சன், ஸ்மித், வைஸ்மன். நால்வரும் நூலகத்தில் திருட்டுத்தனமாகத் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு, கவிதை பேசியவர்கள். நால்வரும் போருக்குப் போனார்கள்.

சோம் ஆற்றங்கரையில் பெரும் சண்டை. 1916 ஜூலை 1-ந்தேதி தொடங்கியது. அந்த ஒரே நாளில் சுமார் 19 ஆயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கில்சன். டிசம்பரில், குண்டுச் சிதறல் பட்ட காயத்தால் ஸ்மித்தும் இறந்தார். தாங்கள் சொல்ல நினைத்து முடியாமல் போனதை டோல்கீன் சொல்லட்டும் என்று, சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் கடிதம் எழுதி இருந்தார்.

டோல்கீன் செய்தி அனுப்பும் பிரிவின் அதிகாரி. நான்கு மாதம் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்தார். அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? பேன்! பேனால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் அவரைப் பிடித்தது. நவம்பரில் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் இருந்த படைப்பிரிவு 1918-ல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. காய்ச்சல் வந்திராவிட்டால் அவர் கதி என்ன ஆகி இருக்கும்?

ஊர் பிறந்தது

ஆஸ்பத்திரியிலும், பிறகு விடுப்பில் மனைவியுடன் இருந்தபோதும், டோல்கீன் எழுதிய கதைதான் காண்டோலின் ஊரின் வீழ்ச்சி. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அடித்தும் திருத்தியும் கிடந்ததை எடித் அழகாகப் படி எடுத்துக் கொடுத்தார்.

சண்டையைக் கண்டு வந்தவர் சண்டையை மட்டும் எழுதவில்லை. எரியப் போகிற அந்த ஊரில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஆசை ஆசையாக எழுதினார்.

பெரிய சந்தை ஒன்று உண்டு. ஓடும் நீர்த் தெரு என்று ஒரு தெரு. ரோஜாச் சந்து என்று ஒரு சந்து. ஊர் மக்கள் குலம் குலமாக வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சின்னம்: மரம், பொற்பூ, யாழ், தூக்கணாங்குருவி அல்ல, வானில் பறக்கும் தகைவிலான் குருவி. சுரங்கம் வெட்டும் குலத்துக்கு அகழெலி. சம்மட்டி பிடிக்கும் குலத்துக்குச் சம்மட்டி. டூவோர் என்ற மனிதன் அந்த ஊருக்கு வந்து சேருகிறான். கல் தச்சு, நூல் நூற்றல், நெசவு, பூத்தையல், ஓவியம், உலோக வேலை எல்லாம் அவர்களிடம் கற்றுக் கொள்கிறான். அரசன் மகள் இட்ரிலை மணந்து கொள்கிறான். ஒரு மகன் பிறக்கிறான்.

எல்லோரும் ஊரைச் சுற்றி உள்ள மலையை நம்பி இருந்தார்கள். இட்ரில் நம்பவில்லை. கெடுதல் வரும் என்று அவள் உள்மனம் சொல்லிற்று. வீட்டின் அடியிலிருந்து வெளிப்புல்வெளி வரைக்கும், யாரும் அறியாமல் ஒரு சுரங்க வழி தோண்டச் செய்தாள்.

கோடைத் திருவிழா வந்தது. அந்த ஊர் வழக்கம், நடு இரவு முதல் விடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. சூரியன் உதித்ததும் ஊரே சேர்ந்து பாட வேண்டும். குழந்தைகளும் மதில் மேல் நின்று கிழக்கே பார்த்துக் கொண்டிருந்தார்கள். வெளிச்சம் வந்தது. ஆனால் கிழக்கில் அல்ல, வடக்கில்! சிவப்பு வெளிச்சம். பகைவன் படை மலை ஏறி விட்டது.

இரும்பாலும் வெண்கலத்தாலும் செய்த பாம்புகள் மதிலை இடித்தன. அவற்றின் வயிற்றுக்குள்ளே படைவீரர்கள் இருந்தார்கள். சோம் சண்டையில், 1916 செப்டம்பரில்தான் டாங்கிகள் முதன் முதலாகப் போர்க்களத்துக்கு வந்தன. வாசிக்கிறவர்களுக்கு அந்த நினைவு வராமல் இருக்குமா? ஆனால் தம் கதைகளை நடப்புடன் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது டோல்கீனுக்குப் பிடிக்காது.

ஊர் எரிந்தது. நீரூற்று ஆவியாயிற்று. இட்ரில் தோண்டிய வழியாகச் சிலர் தப்பினார்கள். அவள் மகனும் தப்பினான். அகதிகளாக நடந்து நடந்து கடற்கரை சேர்ந்தார்கள்.

வெற்றுத் தாள்

போர் முடிந்தது. டோல்கீன் ஆங்கிலப் பேரகராதியில் சொற்பொருள் எழுதும் வேலை பார்த்தார். லீட்ஸ் நகரில் ஆசிரியர் ஆனார். 1925-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஆனார்.

பெரிய பதவிதான். ஆனால் நான்கு பிள்ளைகள். பள்ளிச் சம்பளம், வைத்தியச் செலவு. கோடை விடுமுறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திப் பணம் சேர்ப்பார். ஒரு நாள், ஒரு மாணவன் எழுதாமல் விட்ட வெற்றுத் தாள் ஒன்று கைக்கு வந்தது. அதில் தம்மை அறியாமல், வளையில் வாழும் ஹாபிட் பற்றி ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது!

அந்த வரி வளர்ந்து கதை ஆயிற்று. அச்சிடலாமா என்று பார்க்கப் பதிப்பாளர் தம் 10 வயது மகனிடம் கொடுத்தார். அவன் படித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். கூலி ஒரு ஷில்லிங். 1937 செப்டம்பரில் "ஹாபிட்" வெளிவந்தது.

அதில் ரிவண்டெல் என்ற எல்ஃப் ஊர் வருகிறது. பள்ளத்தாக்கில், ஆற்று ஓசை கேட்கும் ஊர். அங்கே சாப்பாடு உண்டு, தூக்கம் உண்டு, பாட்டும் கதையும் உண்டு. களைத்து வருபவர் கவலை மறப்பார். காயம்பட்டவர் குணம் அடைவார். அங்கே தலைவர் எல்ரண்ட். அவர் யார்? காண்டோலினில் இருந்து தப்பிய அந்தச் சிறுவனின் மகன்! இட்ரிலின் பேரன். வழிப்போக்கர்கள் கொண்டு வந்த பழைய வாளை அவர் பார்த்து, அது காண்டோலினில் செய்தது என்று எழுத்தைப் படித்துச் சொல்கிறார். 20 ஆண்டுகளுக்கு முன் நோட்டுப் புத்தகத்தில் எரிந்த ஊர், இப்படிப் பேரன் வீட்டில் எட்டிப் பார்த்தது.

"ஹாபிட்" நன்றாக விற்றது. டோல்கீன் தம் பழைய கதைகளைப் பதிப்பாளரிடம் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஹாபிட் கதைதான் இன்னொன்று வேண்டுமாம். அதற்காக எழுதத் தொடங்கியதே "லார்ட் ஆப் தி ரிங்ஸ்". எழுதி முடிக்க 12 ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் காகிதப் பஞ்சம்; பழைய பரீட்சைத் தாள்களின் பின்புறத்தில் எழுதினார். 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்தது. நஷ்டம் வரும் என்று பயந்துகொண்டே வெளியிட்டார்கள். அது உலகம் முழுவதும் விற்றது.

ஆனால் காண்டோலின் மட்டும் அச்சேறவில்லை. திருத்தித் திருத்தி எழுதினார். 1951 வாக்கில் புதிதாகத் தொடங்கினார். டூவோர் அந்த ஊரை முதன் முதலாகக் கண்ணால் காணும் இடத்தில் கதை நின்று விட்டது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

எடித் 1971 நவம்பரில் காலமானார். டோல்கீன் 1973 செப்டம்பர் 2-ந்தேதி, 81-வது வயதில் காலமானார். ஆக்ஸ்போர்டில் இருவருக்கும் ஒரே கல்லறை. எடித்தின் பெயருக்குக் கீழே லூதியன் என்று ஒரு பெயர் பொறித்திருக்கும். அவர் பெயருக்குக் கீழே பெரன் என்று இருக்கும். லூதியன், அவர் கதையில் ஓர் எல்ஃப் இளவரசி. மனிதனைக் காதலித்து, அவனுக்காக அழியா வாழ்வையே விட்டுக் கொடுத்தவள். 1917-ல் ஒரு சோலையில், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே எடித் ஆடிப் பாடியதைக் கண்டபோது உருவான கதை அது.

கடைசி மகன் கிறிஸ்டோபர், தகப்பனார் விட்டுச் சென்ற பெட்டி பெட்டியான காகிதங்களைக் கையில் எடுத்தார். ஆக்ஸ்போர்டில் பார்த்து வந்த ஆசிரியர் வேலையை விட்டார். கிறுக்கல் கையெழுத்தை வரி வரியாகப் படித்து, 1977 முதல் நூல் நூலாக வெளியிட்டார். "காண்டோலின் வீழ்ச்சி" தனிப் புத்தகமாக 2018-ல் வந்தது. கிறிஸ்டோபருக்கு அப்போது 93 வயது. அதற்குப் பிறகு அவர் வேறு புத்தகம் வெளியிடவில்லை. 2020 ஜனவரியில் காலமானார்.