வெர்பிட்ஸ்கி அடிகளார்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, கார்ப்பேத்திய மலைத்தொடரின் வடபால், கலீசியா என்னும் நிலப்பகுதி பரந்து கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அதன் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த உழவர் பெருமக்கள் உக்ரைன் மொழி பேசியவர்கள். அம்மொழி பேசிய மக்களுள் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால், உருசியப் பேரரசின் ஆட்சியில் வாழ்ந்தனர். இவ்வாறு ஓர் இனத்தார் இரு முடிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்தனர். தமக்கென ஓர் அரசு அவர்களுக்கு இல்லை. கலீசியாவிலோ, நிலமும் பெரும்பாலும் பிறர் கையில் இருந்தது. 1848ஆம் ஆண்டு வரை உழவர்கள் நிலக்கிழார்களுக்குக் கூலியின்றி உழைக்கும் அடிமை நிலையில் இருந்தனர். ஊர்க் கோயிலும், அதன் குருவும், வழிபாட்டில் ஒலிக்கும் பாட்டுமே அவர்கள் தம்முடையவை என்று சொல்லிக்கொள்ளத்தக்க செல்வங்களாய் இருந்தன.

அந்நாட்டில், யாவோர்னிக் என்னும் மலைச் சிற்றூரில், 1815ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் மிக்கைலோ வெர்பிட்ஸ்கி பிறந்தார். அவர் தந்தையார் அவ்வட்டாரத்தில் பணிபுரிந்த கிரேக்கக் கத்தோலிக்கக் குரு. உரோமாபுரித் திருத்தந்தையைத் தலைவராக ஏற்றுக்கொண்டு, வழிபாட்டு முறையில் மட்டும் கீழைத் திருச்சபையின் பழைய மரபைப் போற்றி வருவது அச்சபை. அதன் மரபுப்படி, குருப்பட்டம் பெறுமுன் ஒருவர் மணம் செய்துகொள்ளலாம். பெற்றபின் மணம் செய்துகொள்ளுதல் கூடாது. ஆதலின் குருமார்க்கும் மனைவி மக்கள் இருந்தனர். கல்வியும் தலைமுறை தலைமுறையாக அக்குடும்பங்களில் வளர்ந்து வந்தது.

மிக்கைலோ பத்து வயது நிரம்பிய பருவத்தில் தந்தையார் மறைந்தார். குருவின் வருவாய் அவர் வாழ்நாளோடு முடிந்துவிடும். ஆதரவற்று நின்ற அச்சிறுவனுக்குப் பெரெமிஷில் நகரத்து ஆயர் இவான் ஸ்நிஹூர்ஸ்கி அடைக்கலம் தந்தார். அவர் தூரத்து உறவினர். கல்வியிலும் கலையிலும் பேரார்வம் கொண்டவர். இன்று போலந்து நாட்டில் உள்ள அந்நகரத்தில், சிறுவன் ஆயரின் காப்பில் கல்வி கற்கத் தொடங்கினான்.

ஆயர் அந்நாளில் ஒரு புதிய முயற்சியில் ஈடுபட்டிருந்தார். கீழை மரபில் வழிபாட்டின்போது ஆர்கன் முதலிய இசைக்கருவிகளை ஒலிப்பதில்லை. மனிதக் குரல் ஒன்றே அங்கு இசைக்கருவி. சிற்றூர்க் கோயில்களில் பழக்கத்தால் வந்த மெட்டுக்களைப் பாடகர் ஒருவர் முன்னின்று பாட, மக்கள் பின்தொடர்வர். தம் தலைமைக் கோயிலிலேனும் முறையாகப் பயின்ற பாடற்குழு ஒன்று அமைதல் வேண்டும் என்று ஆயர் விரும்பினார். அலாய்ஸ் நாங்கே என்னும் செக் நாட்டு இசைவல்லுநரை வரவழைத்தார். நகரத்துச் சிறுவர்களும் இளைஞர்களும் இசைக்குறிகளைப் படிக்கவும், பல குரல்களை ஒத்திசைத்துப் பாடவும் பயின்றனர். 1829ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று அக்குழுவினரின் பாட்டு முதன்முதலாகக் கோயிலில் முழங்கியது. உயர்ந்த குரலும் தாழ்ந்த குரலும் தத்தம் வழியே சென்று ஓரிடத்தில் கூடும் அவ்விசையை அம்மக்கள் அதற்குமுன் தம் கோயிலில் கேட்டதில்லை. பாடியவர்களுள் மிக்கைலோவும் ஒருவன். அவனுக்கு அப்போது வயது பதினான்கு.

உருசியப் பேரரசின் தலைநகரில் அரசவைப் பாடற்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும், பிறப்பால் உக்ரைன் நாட்டவருமான போர்த்னியான்ஸ்கியின் பாடல்களும் பெரெமிஷிலுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பாடிப்பாடியே மிக்கைலோ இசையமைப்பின் நுட்பங்களை உணர்ந்தார். அவரோடு உடன் பயின்ற இவான் லாவ்ரிவ்ஸ்கி என்பவரும் பிற்காலத்தில் குருவாகவும் இசையாசிரியராகவும் விளங்கினார். ஆயர் ஒருவரின் ஆர்வத்தில் விளைந்த ஒரு சிறு பாடற்குழு, ஒரு நிலப்பகுதியின் இசை வரலாற்றுக்கே தோற்றுவாய் ஆயிற்று.

பின்னர் மிக்கைலோ லிவிவ் நகரத்துக் குருமடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வாழ்வு அமைதியாகச் செல்லவில்லை. வறுமை ஒருபுறம் வாட்டியது. குருமடத்தின் கடுமையான ஒழுங்குகளுக்கு அவருடைய இயல்பு எளிதில் இணங்காதது மற்றொருபுறம். படிப்பைப் பன்முறை இடையில் விட நேர்ந்தது. மணம் செய்துகொண்டார்; மனைவி விரைவில் இறந்தார். மீண்டும் மணந்தார், அவ்வம்மையாரும் நெடுநாள் வாழவில்லை. இத்துன்பங்களுக்கிடையே அவருக்குத் துணையாய் நின்றது கித்தார் என்னும் நரம்புக் கருவி. பியானோ வாங்கும் வசதி இல்லாதவர்க்கு அஃது எளிதிற் கிடைப்பது; தோளில் மாட்டிக்கொண்டு எங்கும் செல்லலாம். அவர் அதனைத் தாமே நன்கு பழகியதோடு, பிறரும் பழகுமாறு தம் மொழியிலேயே பயிற்சி நூல் ஒன்றும் எழுதினார். அம்மொழியில் எழுந்த முதல் இசைப் பயிற்சி நூல்களுள் அஃதும் ஒன்று.

குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. ஆண்டு 1850. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் பெருமாறுதல் நிகழ்ந்திருந்தது. 1848ஆம் ஆண்டில் ஐரோப்பாவெங்கும் புரட்சித் தீ மூண்டது. கலீசியாவில் உழவர் அடிமைமுறை ஒழிந்தது. உக்ரைன் மக்கள் தம் மொழியில் செய்தித்தாள் நடத்தவும், மன்றம் கூட்டவும், நாடகம் ஆடவும் தலைப்பட்டனர். பெரெமிஷிலில் நடைபெற்ற அந்நாடகங்களுக்கு வெர்பிட்ஸ்கி இசையமைத்தார். சந்தையிலும் திருமண வீட்டிலும் கேட்ட நாட்டுப்புற மெட்டுக்களை அவர் மேடைக்குக் கொணர்ந்தார். கோயிலில் பாடும் மொழியும் வயலில் பாடும் மொழியும் அரங்கில் ஒலிக்கவும் தகுதியுடையன என்பதை மக்கள் காதாரக் கேட்டனர்.

பங்குக் குருவாகச் சிற்றூர்கள் சிலவற்றில் பணிபுரிந்தபின், 1856ஆம் ஆண்டில் மிலினி என்னும் ஊரை அடைந்தார். அச்சொல்லுக்கு மாவரைக்கும் ஆலைகள் என்பது பொருள். அவ்வூரே அவருடைய கடைசி இருப்பிடமாயிற்று. பங்கு மிகச் சிறியது. வருவாய் அதனினும் சிறியது. ஞாயிறுதோறும் வழிபாடு, குழந்தைகளுக்கு ஞானத்தீட்சை, இறந்தவர்க்கு இறுதிச் சடங்கு என்று நாட்கள் கழிந்தன. எஞ்சிய பொழுதில் அவர் இசை எழுதினார். பெருநகரங்களிலுள்ள இசைவாணர், காலையில் எழுதியதை மாலையில் வாசிக்கக் கேட்டுத் திருத்திக்கொள்ள இயலும். மிலினியில் வாத்தியக்குழு ஏது? பன்னிரண்டு இசைக்கோவைகளை அவர் வாத்தியக்குழுவுக்கென்று தம் வாழ்நாளில் இயற்றினார். அவற்றைச் சிம்பொனி என்று அவர் வழங்கினாலும், அளவில் அவை நாடகத்துக்கு முன் வாசிக்கப்படும் முகப்பிசையை ஒத்தவை. வியன்னா நகரத்து இசைமேதைகளின் அமைப்பு முறையில், கார்ப்பேத்திய மலைமக்களின் ஆடல் மெட்டுக்கள் அவற்றிற் பொருந்தி ஒலிக்கின்றன.

1864ஆம் ஆண்டில் லிவிவ் நகரில் உக்ரைன் மொழிக்கென நிலையான நாடகக்குழு ஒன்று தோன்றியது. அதற்கு இசை வேண்டியபோது நாடியது மிலினிக் குருவைத்தான். மலையடிவார மக்களின் வாழ்வைக் காட்டும் இசைநாடகம் முதலாகப் பலவற்றுக்கு அவர் இசை தந்தார். கோயிலுக்கென அவர் அமைத்த வழிபாட்டு இசையும், இயேசு பெருமான் கற்பித்த செபத்துக்கு அவர் தந்த இசையும் கலீசியாவின் ஊர்தோறும் பரவின.

எல்லைக்கு அப்பால், உருசிய ஆட்சியில், 1862ஆம் ஆண்டில் பவ்லோ சுபின்ஸ்கி என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர் ஒரு பாட்டு எழுதினார். தம் நாடு இன்னும் மாண்டுவிடவில்லை என்னும் நம்பிக்கையே அப்பாட்டின் உட்பொருள். அவ்வாண்டிலேயே அரசு அவரை வடகோடியிலுள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் மாநிலத்துக்கு நாடு கடத்தியது. மறு ஆண்டில் உக்ரைன் மொழியில் பாடநூல்களையும் சமயநூல்களையும் அச்சிடுதல் கூடாது என்று உருசிய அமைச்சர் ஒருவர் ஆணை பிறப்பித்தார். எனினும் பாட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. 1863ஆம் ஆண்டில் லிவிவ் நகரத்து இதழ் ஒன்று அதனை வெளியிட்டது. பெரும்புலவர் தாராஸ் செவ்சென்கோவின் கவிதைகளோடு சேர்ந்து வந்தமையால், அதுவும் அவர் இயற்றியதே என்று பலர் கருதினர்.

அப்பாட்டு அடிகளாரின் உள்ளத்தைத் தொட்டது. அதற்கு அவர் இசையமைத்தார். முதலில் தனிக்குரல் ஒன்று பாட, கித்தார் பின்னணியாக ஒலிக்கும் எளிய வடிவில் அமைத்தார். இளமையில் துணையாய் இருந்த கருவி இங்கும் துணை நின்றது. பின்னர்ப் பாடற்குழுவுக்கேற்ப விரித்தார். 1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், செவ்சென்கோ மறைந்த நான்காம் ஆண்டு நினைவு விழாவின்போது, பெரெமிஷிலில் அப்பாட்டு மக்கள்முன் பாடப்பெற்றது. அவர் சிறுவனாய் நின்று பாடிய நகரம் அதுவே. பாட்டை எழுதிய கவிஞரோ அன்றும் வடதிசைக் குளிரில் நாடு கடத்தப்பட்டவராகவே இருந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, செவ்சென்கோவின் புகழ்பெற்ற கவிதை ஒன்றுக்கு இரு பாடற்குழுக்களும் வாத்தியக்குழுவும் சேர்ந்து பாடத்தக்க பேரிசையை அடிகளார் அமைத்தார். அவருடைய இசைப் படைப்புக்களுள் அதனையே தலைசிறந்ததாகக் கருதுவோர் உளர்.

புகழ் வந்ததே தவிர, வறுமை நீங்கவில்லை. தம்மை நாடி வந்த இளைஞர்க்கு அவர் இசை கற்பித்தார். அவர்களுள் ஒருவராகிய விக்டர் மத்யூக் என்பார் ஆசிரியரைப் போன்றே குருவும் இசையமைப்பாளரும் ஆனார். இறுதியில் புற்றுநோய் அடிகளாரைப் பற்றியது. 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், மிலினியில் அவர் உயிர் நீத்தார். கோயிலை அடுத்த இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.

அவர் இசையமைத்த பாட்டு வாய்வழியே ஊர் ஊராகச் சென்றது. முதல் உலகப் போரின் இறுதியில் பேரரசுகள் சரிந்தபோது, 1917ஆம் ஆண்டு தொட்டு எழுந்த உக்ரைன் குடியரசில் அது நாட்டுப்பண்ணாக முழங்கியது. அக்குடியரசு நெடுநாள் நிலைக்கவில்லை. சோவியத்து ஆட்சியில் அப்பாட்டைப் பாடுதல் குற்றமாயிற்று. பாடியோர் சிறை புகுந்தனர். வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடியவர்களும், கடல் கடந்து சென்று பாடியவர்களும் அதனை மறவாமல் காத்தனர். 1991ஆம் ஆண்டில் உக்ரைன் விடுதலை பெற்றது. 1992ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் அந்நாட்டுப் பாராளுமன்றம் அடிகளாரின் இசையை நாட்டுப்பண்ணாக ஏற்றது. சொற்களைப் பற்றிய வாதம் மேலும் பதினோராண்டுகள் நீடித்தது. 2003ஆம் ஆண்டில், முதலடியைச் சிறிது மாற்றி, சுபின்ஸ்கியின் பாட்டையும் சட்டம் உறுதி செய்தது. இசையைப் பற்றி அவ்வாறு வாதம் எழவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறின. யாவோர்னிக்கும் பெரெமிஷிலும் மிலினியும் போலந்து நாட்டின் பக்கம் அமைந்தன. அவ்வட்டாரத்து உக்ரைன் மக்களுள் பெரும்பாலோர் 1944 முதல் 1947 வரை தம் ஊர்களிலிருந்து பெயர்த்தனுப்பப்பட்டனர். உக்ரைன் நாட்டுப்பண்ணுக்கு இசை தந்தவர் பிறந்த ஊரும் துயிலும் இடமும் இவ்வாறு அந்நாட்டுக்கு வெளியே உள்ளன. மிலினியில் அவர் கல்லறைமீது 2005ஆம் ஆண்டில் நினைவுக் கோயில் ஒன்று எழுப்பப்பெற்றது. எல்லைச் சாவடி அங்கிருந்து சில கல் தொலைவிலேயே இருக்கின்றது.