கே. சங்கர் பிள்ளை

கேசவ சங்கர பிள்ளை (சூலை 31, 1902 - டிசம்பர் 26, 1989) இந்தியாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியரும் இதழாசிரியரும் சிறுவர் நூல் பதிப்பாளரும் ஆவார். படங்களில் இடும் கையொப்பத்தைக் கொண்டு சங்கர் என்றே பரவலாக அறியப்பட்டார். இந்திய அரசியல் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் இவர், புதுதில்லியில் அனைத்துலகப் பொம்மைகள் அருங்காட்சியகத்தை 1965 ஆம் ஆண்டு நிறுவினார். அதனுடன் இணைந்த பணிமனையில் இந்தியாவின் பல்வேறு மக்களின் உடையும் அணிகலனும் சிறிய அளவில், ஆய்ந்து செய்யப்பட்டன. ஓவியராக இவர் பெற்ற புகழ் பெரிது; பொம்மைகளுக்காக இவர் செய்த பணி அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

பிறப்பும் கல்வியும்

சங்கர் அன்றைய திருவிதாங்கூர் அரசில் இருந்த காயங்குளத்தில் பிறந்தார். காயங்குளத்திலும் மாவேலிக்கரையிலும் பள்ளிக் கல்வி பயின்றார். வகுப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரை வரைந்து தலைமையாசிரியரின் சினத்திற்கு ஆளானார் என்பது இவரது இளமைக்காலம் குறித்துத் தவறாமல் சொல்லப்படும் செய்தியாகும். பின்னர் மாவேலிக்கரையில் ஓவியம் கற்றார். திருவனந்தபுரத்தில் 1927 இல் பட்டம் பெற்றபின் சட்டம் படிக்க மும்பை சென்றார்; அப்படிப்பை முடிக்கவில்லை. பிரீ பிரஸ் ஜர்னல், பாம்பே குரோனிக்கிள் ஆகிய நாளிதழ்களில் இவரது படங்கள் வெளிவந்தன.

இதழ்த்துறை

இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராக இருந்த போத்தன் ஜோசப் 1932 இல் இவரைத் தில்லிக்கு அழைத்துக்கொண்டார். 1946 வரை அந்நாளிதழின் கேலிச்சித்திர ஓவியராகப் பணியாற்றினார். இடையில் லண்டன் சென்று ஓவியப் பயிற்சி பெற்றதுடன் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றையும் கண்டு திரும்பினார்.

1948 இல் சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழைத் தொடங்கினார். அதனை வெளியிட்டவர் பிரதமர் ஜவகர்லால் நேரு. அவ்விதழில் அதிகமாகக் கேலிக்கு உள்ளானவர்களில் ஒருவரும் அவரே. அபு ஆபிரகாம், ஓ. வி. விஜயன், குட்டி, ரங்கா முதலிய ஓவியர்கள் இவ்விதழோடு தொடர்புடையவர்கள். நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தபோது, ஆகஸ்ட் 31, 1975 அன்று இதழ் நிறுத்தப்பட்டது.

சிறுவர்களுக்கான பணிகள் இதற்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டன. 1949 இல் சிறுவர் ஓவியப் போட்டி தொடங்கப்பட்டது. விரைவிலேயே அது அனைத்துலகப் போட்டியாக வளர்ந்தது. 1957 இல் சிறுவர் நூல் அறக்கட்டளையையும், 1968 இல் சிறுவர்களுக்கான ஆங்கில மாத இதழ் ஒன்றையும் நிறுவினார்.

அங்கேரிப் பொம்மை

1950களின் தொடக்கத்தில் அங்கேரி நாட்டின் தூதர், சிறுவர் போட்டியில் பரிசாக வழங்குமாறு தம் நாட்டு மரபுடை அணிந்த பொம்மை ஒன்றை நேருவிடம் அளித்தார். அப்பொம்மை சங்கரின் மனத்தைக் கவர்ந்தது. நேருவின் வெளிநாட்டுப் பயணங்களில் செய்தியாளராக உடன் சென்ற காலங்களில், சென்ற நாடுதோறும் பொம்மைகளை வாங்கத் தொடங்கினார்.

தொகுப்பு ஐந்நூறு அளவை எட்டியபோது, சிறுவர் ஓவியங்களுடன் அவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுசென்று ஏழைக் குழந்தைகளுக்குக் காட்டினார். இங்கேதான் சிக்கல் எழுந்தது. பெட்டியில் அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்ததில் பொம்மைகள் சேதமடைந்தன. இத்தகைய பொம்மைகளில் முதலில் கெடுவது உடலன்று. கையிலுள்ள விசிறி, காதணி, தொப்பியின் இறகு போன்ற சிறு பொருள்களே. அவை தொலைந்தால் பொம்மை எந்த நாட்டைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

தில்லியில் நடந்த கண்காட்சி ஒன்றிற்கு நேருவும் அவரது மகள் இந்திரா காந்தியும் வந்தபோது சங்கர் இக்குறையை எடுத்துரைத்தார். பொம்மைகளுக்கு நிலையான இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தவர் இந்திரா காந்தி. அவர் பிரதமராக இருந்து நெருக்கடி நிலையை அறிவித்த ஆண்டிலேயே சங்கரின் வார இதழ் நின்றுபோனது என்பது இங்கு நினைவிற்கு வருகிறது. சிறுவர் நூல் அறக்கட்டளையின் நேரு இல்லக் கட்டடத்தில் ஒரு பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டது. நவம்பர் 30, 1965 அன்று குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். நேரு அதனைக் காணவில்லை; அவர் 1964 மே மாதத்தில் காலமாகிவிட்டார்.

ஏறத்தாழ 1000 பொம்மைகளுடன் தொடங்கிய தொகுப்பு, பின்னர் 85 நாடுகளைச் சேர்ந்த சுமார் 6500 பொம்மைகளாக வளர்ந்தது. சுவர்களை ஒட்டி மொத்தம் 1000 அடி நீளத்திற்கு 160க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பேழைகள் அமைக்கப்பட்டன. சப்பானின் சாமுராய், கபுக்கிப் பொம்மைகளும் தாய்லாந்தின் மகளிர் இசைக்குழுவும் பலரால் விரும்பிப் பார்க்கப்படுபவை.

பணிமனையும் சிறு அணிகளும்

வெளிநாட்டிலிருந்து பொம்மைகள் அன்பளிப்பாக வந்தபோது, பதிலுக்கு அனுப்ப இந்தியப் பொம்மைகள் தேவைப்பட்டன. அருங்காட்சியகத்தோடு இணைந்து பொம்மை வடிவமைப்புப் பணிமனை செயற்பட்டதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். வெவ்வேறு மாநில மக்களின் உடற்தோற்றம், உடை, நகை ஆகியன ஆராயப்பட்டு, அதன்பின்னரே பொம்மைகள் கையால் செய்யப்பட்டன. மணமக்கள், நடனக் கலைஞர்கள், பல்வேறு மாநில ஆண் பெண் எனச் சுமார் 150 வகைகள் இவ்வாறு உருவாயின. இவை அன்பளிப்பாகவும் சேகரிப்போருக்கு விற்பனையாகவும் சென்றன. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் 1980 இல் நடைபெற்ற பொம்மைகள் ஈராண்டு விழாவில் இப்பணிமனையின் பொம்மைகள் தங்க மயில் இறகு என்னும் முதற்பரிசைப் பெற்றன.

இவ்வேலையின் கடினம் வெளியிலிருந்து பார்ப்போருக்கு எளிதில் புலப்படாது. ஐந்தரை மீட்டர் சேலையை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர் ஆகும். நீள அகலங்களை வெட்டிக் குறைக்கலாம். நூலின் தடிப்பைக் குறைக்க இயலாது. எனவே சாதாரணத் துணியில் கொசுவம் வைத்தால் அது மடிந்து விழாமல் விசிறிபோல் விறைத்து நிற்கும். மெல்லிய துணியைத் தேர்வதும், மடிப்புகளைக் குறைத்து ஓரிரு தையலால் நிலைநிறுத்துவதும் இதற்கான வழிகள். சரிகைக் கரையும் அப்படியே. கடையில் கிடைக்கும் கரை பொம்மையின் முழங்கால் வரை வந்துவிடும். பொம்மை வீடுகளுக்கு உலகெங்கும் வழங்கும் அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அவ்வளவில் ஓர் அங்குல ஜிமிக்கி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை என நீளும் பரதநாட்டிய அணிகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இதே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்ட புகழ்பெற்ற பொம்மை வீடு, பிரித்தானிய அரசி மேரிக்காக உருவாக்கப்பட்டு 1924 இல் வெம்பிளி கண்காட்சியில் வைக்கப்பட்டதாகும். குழாயில் நீர் ஓடும், விளக்கு எரியும் அவ்வீட்டை வடிவமைத்த எட்வின் லூட்டியன்சே தில்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையையும் வடிவமைத்தவர். அது ஓர் அரசியின் வீட்டுப் பொருள்களைச் சிறிதாக்கியது. தில்லிப் பணிமனை எடுத்துக்கொண்டதோ எளிய மக்களின் உடைமைகளையும் உட்கொண்ட பரந்த பொருள்.

கேலிச்சித்திரத்தில் மூக்கைப் பெரிதாக்கலாம், வயிற்றை ஊதவைக்கலாம். மிகைதான் அக்கலையின் உயிர். வாழ்நாள் முழுவதும் மிகைப்படுத்தி வரைந்த ஒருவரின் நிறுவனம், பொம்மைகளில் உண்மையளவை நாடியது வியப்புக்குரியது.

தமிழக மரபுடன் ஒப்பீடு

சிறு பொருள்களைச் செய்து பொம்மைகளுக்கு அருகில் வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவில் செஞ்சந்தன மரப்பாச்சிகளுக்கு வீட்டுப் பெண்களே உடை தைத்து நகை பூட்டுவர். அம்பாசமுத்திரத்தில் கடைந்து அரக்குச் சாயமேற்றிய மரச் சொப்புகள் செய்யப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத், திருச்செந்தூர் சுற்றுவட்டாரம் போன்ற பனை மிகுந்த பகுதிகளில் ஓலைக் கொட்டானும் கிலுகிலுப்பையும் குழந்தைகளுக்காக முடையப்பட்டன. ஆயினும் கொலுவில் அளவுப் பொருத்தம் கட்டாயமன்று. செட்டியார் பொம்மையின் கடையிலுள்ள பூசணிக்காய் செட்டியாரைவிடப் பெரிதாக இருந்தாலும் எவரும் குறை கூறுவதில்லை.

அளவும் துணைப்பொருளும் எவ்வளவு முதன்மையானவை என்பதற்கு அதே நாசரேத் வட்டாரத்தின் பனையேறியை எடுத்துக்கொள்ளலாம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பொம்மை எந்த ஊர் உழவராகவும் இருக்கக்கூடும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, பதநீர்க் கலயம், மரத்தில் சாய்க்கும் முருக்குத்தடி ஆகியவற்றைச் சேர்த்தால்தான் அது பனையேறி ஆகும். பனைத்தொழில் பெரிதும் குறைந்துவிட்ட நிலையில் முருக்குத்தடி என்ற சொல்லையே பல இளைஞர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சரியான அளவில் செய்து வைத்த சிறு பொருள் இத்தகைய இடத்தில் ஓர் ஆவணத்தின் வேலையைச் செய்கிறது. மணப்பெண்ணுக்கும் ஆடற்பெண்ணுக்கும் கிடைத்த கவனம் இந்தியப் பொம்மைத் தொகுப்புகளில் உழைப்பாளரின் கருவிகளுக்குப் பொதுவாகக் கிடைக்கவில்லை என்பதையும் சுட்ட வேண்டும்.

விருதுகள்

இந்திய அரசு இவருக்கு பத்மசிறீ (1956), பத்ம பூசண் (1966), பத்ம விபூசண் (1976) விருதுகளை வழங்கியது. குழந்தைகளின் விருப்பத்தின்படி போலந்தில் வழங்கப்படும் புன்னகை விருதை 1977 இல் பெற்றார்.

மறைவும் பின்னரும்

சங்கர் டிசம்பர் 26, 1989 அன்று காலமானார். 1991 இல் இவரது கேலிச்சித்திரங்களைக் கொண்ட இரு அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டன.

2012 மே மாதம் இவர் பெயர் மீண்டும் நாடெங்கும் பேசப்பட்டது. அரசியலமைப்பு எழுதுவதில் ஏற்பட்ட தாமதம் குறித்து 1949 இல் இவர் வரைந்த படம் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. நத்தை மீது அம்பேத்கரும், பின்னால் சாட்டையுடன் நேருவும் காட்டப்பட்ட அப்படம் அம்பேத்கரை இழிவுபடுத்துவதாகத் தொல். திருமாவளவன் மக்களவையில் எதிர்ப்புத் தெரிவித்தார். மற்ற உறுப்பினர்களும் சேர்ந்துகொள்ள, படம் நீக்கப்படும் என அரசு அறிவித்தது. பாடநூல் ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினர்.

பொம்மைகள் அருங்காட்சியகம், நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்த பகதூர் சா சபர் சாலையில், தனி நுழைவாயிலும் சுழற்படிக்கட்டும் கொண்டு நேரு இல்லத்தில் அமைந்துள்ளது.