வண்ணம் தேடிய வின்சென்ட்

வின்சென்ட் வான் கோ 1853ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தார். 16 வயதில், ஹேக் நகரில் ஓவிய வணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப்படங்களும் அங்கு விற்கப்பட்டன. அக்கால அச்சுப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் இருந்தன. வயல், மனிதர், முகபாவம் எல்லாம் அவற்றில் இருக்கும். வண்ணம் மட்டும் இராது.

அந்த வேலை நிலைக்கவில்லை. 27 வயதில் ஓவியராக முடிவு செய்தவர், பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்து பழகினார். 1885இல் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியம் இருண்ட மண்நிறத்திலேயே அமைந்தது. பாரிசிலிருந்து செலவுக்குப் பணம் அனுப்பி வந்த தம்பி தியோ, அங்குள்ள ஓவியர்கள் ஒளிமிக்க வண்ணங்களைக் கையாளுவதாக எழுதினார். அது எத்தகைய ஒளி என்பது வின்சென்டுக்குப் புரியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், ஆம்ஸ்டர்டாமில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ரைக்ஸ் அருங்காட்சியகத்திற்கு நண்பர் ஒருவருடன் சென்றார். ரெம்பிராண்ட் தீட்டிய ‘யூத மணமகள்’ ஓவியத்தின் முன் அமர்ந்தவர் எழவே இல்லை. மற்றக் கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு நண்பர் திரும்பியபோதும் அங்கேயே இருந்தார். மணமகனின் சட்டைக் கையில் பொன்னிறச் சாயம் தடித்துப் படிந்து ஒளிர்கிறது. எந்த அச்சுப்படமும் அதைக் காட்டியிருக்க முடியாது.

1886இல் பாரிசுக்குச் சென்ற வின்சென்ட், தியோ சொன்ன ஓவியங்களை நேரில் கண்டார். அவருடைய வண்ணத்தட்டிலிருந்து மண்நிறம் மெல்ல விலகியது. மஞ்சளும் நீலமும் அவ்விடத்தைப் பிடித்தன. 1888இல் தென்பிரான்சின் ஆர்ல் நகரில் குடியேறித் தமது படுக்கையறையையே ஓவியமாகத் தீட்டினார்.

அடுத்த ஆண்டு மனநோயால் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. வெளியே செல்ல இயலாத நாள்களில் அவருக்குத் துணையாக இருந்தவை மீண்டும் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களே. ஆனால், இம்முறை அவற்றை அப்படியே பார்த்து வரையவில்லை. பிறர் இயற்றிய பாடலை இசைக்கலைஞர் தம் பாணியில் வாசிப்பதுபோல, மில்லேயின் உழவர்களுக்குத் தாமே வண்ணம் கொடுத்தார். அவ்வாறு 20 ஓவியங்கள் வரை உருவாயின. அவர் வாழ்வில் இதுவே வியக்கத்தக்க பகுதி எனலாம்.

1890 ஜூலையில், 37ஆம் வயதில் அவர் காலமானார். இன்று அவருடைய படங்கள் நாட்காட்டி, குவளை, சட்டை என எங்கும் வண்ணத்தில் அச்சாகின்றன. மூல ஓவியங்களோ சற்று மாறியுள்ளன. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயங்களுள் சில, ஒளி பட்டு மங்கிவிட்டன. ஆர்லில் தீட்டிய படுக்கையறையின் சுவர்கள் இப்போது வெளிர்நீலமாகத் தெரிகின்றன. வெளிர் ஊதா என்றே தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார்.