சமையலறையில் சாப்பிட மறுத்த சம்பியன்

1896ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது வில்லி அன்டர்சனுக்கு வயது 16. அவருடன் சென்றது ஒரு தொழில்தான்: கோல்ப்.

ஸ்கொட்லாந்தின் கடலோரச் சிற்றூரான நோர்த் பெரிக்கில் 1879 ஒக்டோபர் 21ஆம் திகதி பிறந்தவர் அவர். தந்தை அங்குள்ள கோல்ப் மைதானத்தின் பராமரிப்பாளர். வில்லி சிறுவயதிலேயே செல்வந்தர்களின் கோல்பைகளைச் சுமந்தார். பிறகு கோல் செய்யும் பட்டறையில் வேலை பழகினார். அக்காலத்தில் அமெரிக்காவில் புதிது புதிதாகக் கோல்ப் கழகங்கள் தோன்றின. ஆட்டம் கற்பிக்கவும் கோல்களைத் திருத்தவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து இளைஞர்கள் பலர் அந்த வேலைகளைத் தேடி அத்திலாந்திக்கைக் கடந்தார்கள். வில்லிக்கு ரோட் ஐலண்டில் வேலை கிடைத்தது.

மறு ஆண்டே, 17 வயதில், அமெரிக்கப் பகிரங்க கோல்ப் சம்பியன் போட்டியில் ஒரேயொரு அடி வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றார்.

1901இல் அதே போட்டி மாசசூசெட்ஸிலுள்ள மயோபியா ஹன்ட் கழகத்தில் நடந்தது. கழக அங்கத்தவர்கள் விருந்து மண்டபத்தில் சாப்பிட, தொழில்முறை ஆட்டக்காரர்கள் சமையலறையில் சாப்பிட வேண்டும் என்று சொல்லப்பட்டதாம். அதிகம் பேசாதவரான வில்லி, கையிலிருந்த கோலை ஓங்கி புல்தரையில் அடித்து, அது நடக்காது என்று மறுத்தார் என கோல்ப் உலகில் இன்றும் சொல்கிறார்கள். இறுதியில் அவர்களுக்கெனத் தனிக்கூடாரம் போடப்பட்டது. மண்டபக் கதவு மட்டும் திறக்கவில்லை.

அந்தப் போட்டியில் வில்லியும் அலெக்ஸ் ஸ்மித்தும் தலா 331 அடிகளுடன் சமநிலையில் நின்றார்கள். மறுநாள் ஞாயிறு. மைதானம் அங்கத்தவர்களுக்கு உரியது என்பதால் இருவரும் திங்கள்வரை காத்திருந்தார்கள். மேலதிக ஆட்டத்தில் ஐந்து குழிகள் மீதமிருக்க ஐந்து அடிகள் பின்தங்கியிருந்த வில்லி, 85க்கு 86 என்ற கணக்கில் வென்றார்.

1903, 1904, 1905 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. அமெரிக்கப் பகிரங்கப் போட்டியைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவர் இன்றுவரை வேறு எவருமில்லை. மொத்தமாக நான்கு தடவைகள் வென்றவர்களில் பொபி ஜோன்ஸ், பென் ஹோகன், ஜக் நிக்லோஸ் ஆகிய மூவரே அவருக்கு நிகர்.

ஆனால் பட்டங்கள் அவருக்கு நிலையான வாழ்வைத் தரவில்லை. 14 ஆண்டுகளில் பத்துக் கழகங்களில் வேலை பார்த்தார். 1910 ஒக்டோபரில் ஒரே வாரத்தில் பல காட்சி ஆட்டங்களை ஆடிவிட்டுப் பிலடெல்பியாவிலுள்ள வீட்டுக்குத் திரும்பினார். 25ஆம் திகதி காலமானார். 31 வயது நிறைந்து நான்கு நாள்களே ஆகியிருந்தன. மரணப் பதிவில் காரணம் வலிப்பு நோய் என உள்ளது. அந்த நகரிலேயே, ஐவி ஹில் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1920இல், அமெரிக்கப் பகிரங்கப் போட்டி ஓஹாயோவின் இன்வர்னெஸ் கழகத்தில் நடந்தது. அங்குதான் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கழக மாளிகையின் கதவு முதன்முறையாகத் திறந்தது. நன்றியாக அவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, ஆளுயர மணிக்கூடு ஒன்றை வாங்கி அந்தக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வாசலைக் கடக்க வில்லி அன்டர்சன் இருக்கவில்லை.