மருத்துவர் கிறீன்

யாழ்ப்பாண நகருக்கு அணித்தே மானிப்பாய் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் மருத்துவமனை கிறீன் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தமிழர் அல்லர். கடல் பல கடந்து வந்த அமெரிக்கர். ஆயினும், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழியில் முதன்முதலாக முறைப்படக் கற்பித்தவர் அவரே ஆவர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு நாட்டு வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். பெருநகரில் தங்கிப் பொருளீட்டும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போகவில்லை. எனினும், அமெரிக்க மிஷன் சங்கத்தாரின் ஊழியத்தை மேற்கொண்டு 1847-இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையில் சிறிது காலம் தங்கியபின், மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். பகலில் நோயாளரைப் பார்ப்பதும் எஞ்சிய பொழுதில் தமிழ் கற்பதும் அவருடைய வாழ்க்கையாயின. 1848-இல் சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்றோர் அந்நாளில் இருந்தமையால், முதற்கண் பாடம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது.

மருத்துவ நூல்களில் வழங்கும் ஆங்கிலம் வீதியிலும் கடையிலும் பேசப்படும் ஆங்கிலம் அன்று. அதன் சொற்களுட் பெரும்பாலன கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் பிறந்தவை. அனாட்டமி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் தொமே என்பது வெட்டுதல். அனா என்பது அதற்கு முன் நிற்கும் இடைச்சொல். ஆகவே, அறுத்துப் பகுத்து அறிதல் என்பதே அச்சொல்லின் பொருள். சர்ஜரி என்பது இன்னும் வியப்பானது. கெயிர் என்றால் கை; எர்கோன் என்றால் வேலை. கிரேக்கர் கைவேலை என்று வழங்கிய சொல்லே இலத்தீனிலும் பிரெஞ்சிலும் புகுந்து தேய்ந்து, ஆங்கிலத்தில் சர்ஜரியாக வந்து நின்றது. ஹேப்பார் என்பது ஈரல். நெப்ரோஸ் என்பது சிறுநீரகம். இவற்றோடு ஐட்டிஸ் என்னும் ஈற்றைச் சேர்த்தால் அவ்வுறுப்பின் அழற்சியைக் குறிக்கும் நோய்ப்பெயர்கள் தோன்றுகின்றன. பிசிஸ் என்பது இயற்கை. லோகோஸ் என்பது சொல் அல்லது ஆராய்ச்சி. இவ்விரண்டின் சேர்க்கை பிசியாலஜி. நூறு வேர்களை அறிந்த மாணாக்கன் ஆயிரம் சொற்களைத் தானே பிரித்துப் பொருள் கண்டுகொள்வான். வேரை அறியாதவனுக்கோ ஆயிரமும் தனித்தனி ஓசைகளே. நெட்டுருப் போடுவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை.

ஐரோப்பிய, அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கப்பட்ட காலம் அது. அங்குள்ள மாணாக்கனுக்கு வேர் முன்னமே கையில் இருந்தது. யாழ்ப்பாணத்து இளைஞனோ ஆங்கிலத்தையும் அதன் பின்னே மறைந்து நின்ற கிரேக்கத்தையும் ஒருங்கே சுமக்க வேண்டியவனானான். சுமந்து தேறியவர்களும் இருந்தனர். ஆனால், அவர்கள் கற்ற கல்வியை ஊராருக்கு எடுத்துரைப்பது எவ்வாறு? காலரா என்னும் சொல், பித்தத்தைக் குறிக்கும் கொலே என்னும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது எனக் கருதப்படுகிறது. அதனை ஒரு தாய்க்குச் சொல்லிப் பயன் யாது? வாந்திபேதி என்றால் அவள் உடனே அறிந்துகொள்வாள். நோயின் குறியே அதன் பெயராக அமைந்துள்ளது.

கிறீனுக்கு மற்றொரு கவலையும் இருந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்கள் கிராமத்தை விட்டு உத்தியோகம் தேடிச் செல்வதையும், உடையிலும் நடையிலும் தம் மக்களினின்று விலகுவதையும் அவர் விரும்பவில்லை. தம் மாணாக்கர் தமிழராகவே இருந்து தமிழருக்கு மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1857-இல் தாயகம் சென்று 1862-இல் மீண்டும் வந்தபின், தமிழிலேயே பாடம் நடத்தத் துணிந்தார். ஆங்கிலமே உயர்பதவிக்கு வாயிலாக இருந்த அக்காலத்தில் இது எளிய துணிவன்று.

பாடம் நடத்த நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். தமிழில் முன்னமே வழங்கும் சொல்லை முதலில் நாடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டார், அல்லது அதன் பொருளை மொழிபெயர்த்தார். அனாட்டமிக்கு நாட்டு வைத்திய வழக்கிலிருந்த அங்காதிபாதம் என்னும் சொல்லைக் கொண்டார். பிசியாலஜி சுகரணம் ஆயிற்று. கெமிஸ்ட்ரி என்பது தமிழ் ஈறு பெற்றுக் கெமிஸ்தம் ஆயிற்று. சர்ஜரிக்குக் கைவேலை என்னும் வேர்ப்பொருளை அவர் தேடிச் செல்லவில்லை. புண்ணைக் குறிக்கும் இரணம் என்னும் சொல்லைக் கொண்டு இரண வைத்தியம் என்றார். கற்போனுக்கு விளங்குவதே சொல்லுக்கு அழகு என்று அவர் கருதினார் போலும். அவர் ஆண்ட வடசொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியலாகவும், கெமிஸ்தம் வேதியியலாகவும் மாறின. சொற்கள் மாறினவேயன்றி, அவர் வகுத்த வழி மாறவில்லை; பின்வந்த கலைச்சொல்லாக்கத்தாரும் பெரிதும் அவ்வழியிலேயே சென்றனர்.

1852-இல் கட்டர் என்பார் எழுதிய உடல்நூலின் தமிழாக்கம் வெளிவந்தது. 1857-இல் பிரசவ வைத்தியம், 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதம் ஆகியவை அச்சேறின. இவற்றுள் இறுதியாகக் கூறியது, இன்றும் மருத்துவ மாணாக்கர் போற்றும் கிரே என்பவரின் நூலைத் தழுவியது. இப்பணியில் அவருடைய தமிழ் மாணாக்கரும் தோள்கொடுத்தனர். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல்லைக் காட்டும் தொகுதிகளும் வெளிவந்தன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60-க்கு மேற்பட்டோர். அவருட் பாதியளவினர் தமிழிலேயே பயின்றவர்கள்.

உடல்நலம் குன்றியமையால் 1873-இல் கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்தார். கெமிஸ்தம் 1875-இலும் மனுஷ சுகரணம் 1883-இலும் வெளிவந்தன. கொழும்பில் 1870-இல் தோன்றிய அரசாங்க மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தில் நடைபெற்றது. இளைஞர் மனம் அங்கே சென்றது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு, கிறீனுக்குப் பின் நெடுங்காலம் நிலைபெறவில்லை. அவ்வகுப்பு நீடித்திருப்பின் தமிழ் மருத்துவக் கல்வி எங்கே வந்து நின்றிருக்கும் என எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது.

இந்து பதார்த்த சாரம் என்னும் மருந்து நூல் 1884-இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் கிறீன் வூஸ்டரில் காலமானார். அவர் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்னும் செய்தியை, அந்நகரில் உள்ள அவருடைய கல்லறைக்கல் தாங்கி நிற்கிறது.